பிரேக்கைத் தொடாதே

வரிசை ஒரு வண்டி நீளம் முன்னால் நகர்ந்தது. நாச்சிமுத்து நகரவில்லை. பின்னால் நின்ற பள்ளிக்கூட வேன்காரன் ஒரே ஒரு தடவை ஹாரன் அடித்தான், அதையும் வலிக்காமல் அடித்தான். பதினைந்து வருஷமானாலும் இந்தக் கறுப்பு வண்டிக்கு ஊரில் அந்த மரியாதை இன்னும் மிச்சமிருக்கிறது. அவர் பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். ஆட்டோமேட்டிக் வண்டி, தானாக ஊர்ந்தது. ஊர்ந்ததால் காலை எடுத்துவிட்டோம் என்று தெரிந்தது. முன்னால் நின்ற மினி லாரியின் பின்பலகை கிட்டே வந்ததும் மறுபடி அமுக்கினார், வண்டி நின்றது, நின்றதால் அமுக்கியிருக்கிறோம். பாதம் சொல்ல வேண்டியதை இப்போதெல்லாம் வண்டி சொல்கிறது என்று நினைத்து, நினைத்த மாத்திரத்தில் அந்த நினைப்பின் மேல் துண்டைப் போட்டு மூடினார். காலங்காத்தால அது எதற்கு. ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் பின்னாலிருந்த மைதானத்தில் கணவாய்க் காற்று புழுதியை வாரிக்கொண்டு வந்து கண்ணாடியில் போட்டது. எஃப்.சி. பார்க்கிற நாள். இந்த வண்டி ரோட்டில் ஓட லாயக்கா இல்லையா என்று சர்க்கார் பார்த்துச் சொல்கிற நாள். சொந்தக் கார்களுக்கு இந்தக் கண்டம் பதினைந்து வருஷம் கழித்துத்தான் வரும், வந்துவிட்டது. மைதானம் பூராவும் வேண்டுதலோடு நிற்கிறார்கள். வேன்காரன் டேஷ்போர்டு சாமி படத்தைத் தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறான், மினி லாரிக்காரன் நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் வரிசைக்கே வந்தான், எல்லோருக்கும் ஒரே வேண்டுதல், பாஸாக வேண்டும். நாச்சிமுத்துவும் வழியில் மாரியம்மன் கோயிலில் இறங்கிக் கும்பிட்டுவிட்டுத்தான் வந்தார். அவர் கும்பிட்டது வண்டி ஃபெயிலாக வேண்டுமென்று. அதுவும் பிரேக்கில். வேறு எதிலும் வேண்டாம், விளக்கு எரியட்டும், புகை சுத்தமாக வரட்டும், ஹாரன் கேட்கட்டும். பிரேக் பிடிக்கவில்லை என்று ஒரு மூன்றாம் மனிதர், அவரை யாரென்றே தெரியாத ஓர் ஆபீசர், வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால், அவர் மனைவி சுலோச்சனாவின் தொடை எலும்பை முறித்தது வண்டி. சொல்லாவிட்டால் முறித்தது அவர்.

இதைச் சையதிடம் எப்படிச் சொல்வது. சையது மெக்கானிக், இந்த வண்டியின் வயிற்றுக்குள் கைவிட்டுக் குடல் குடலாகப் பார்த்தவன், போன வாரம் எஃப்.சி.க்குத் தயார் பண்ண வண்டியை எடுத்துப்போக வந்தபோது, எதை வேண்டுமானாலும் பார் பிரேக்கைத் தொடாதே என்று அவர் சொன்னதும், கிறுக்குப் பிடித்துவிட்டதா என்கிற மாதிரி பார்த்தான். அவன் பார்த்ததில் தப்பில்லை. எஃப்.சி.க்கு வருகிற வண்டியை எவன் இருக்கிற கோலத்திலேயே கொண்டுவருகிறான். பெண் பார்க்க வருகிற நாளில் வீட்டுச் சுவருக்கு வெள்ளையடிக்கிற கதைதான் இங்கே எல்லாம். இதோ இந்த மினி லாரியின் டயர் நாலும் நேற்று இரவல் வாங்கி மாட்டியது, சாயங்காலம் கழற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டு வழுக்கை டயரைப் போட்டுக்கொண்டு தேங்காய் ஏற்றப் போய்விடுவான். முதலுதவிப் பெட்டி ஒன்றே ஒன்று வரிசையில் வண்டி வண்டியாக முன்னால் போய்க்கொண்டிருக்கிறது, கல்யாணப் பந்தியில் தண்ணீர்ச் செம்பு போகிற மாதிரி. காயாத பெயிண்ட் வாசனை மூக்கைத் துளைக்கிறது. இன்றைக்கு ஒரு நாளைக்கு எல்லா வண்டியும் நல்ல வண்டி. "ஏங்ணா, எஃப்.சி.க்குப் போற வண்டிய கழுவாமக்கூடக் கொண்டு போலாமுங்க, பிரேக்குப் பாக்காமக் கொண்டு போவாங்களா? ஒரு பிரேக் பேடாச்சு மாத்தி உடறனுங்ணா" என்றான் சையது. "தொடாதேன்னாத் தொடாதே." "அன்னைக்குப் பிடிக்காமப் போன பிரேக்குத்தானுங்களே, மறுக்கா ஏதாச்சு ஆயிருச்சுன்னா?" "சையது." "சரிங்ணா, சரிங்ணா, தொடலை." தொடாமல் இருந்திருப்பானா. அதுதான் இப்போது சந்தேகம். அவன் கை சும்மா இருக்கிற கை இல்லை. பிரியத்தில் ஒரு திருகு திருகியிருந்தால், ஒரு சொட்டு எண்ணெய் ஊற்றியிருந்தால், போச்சு, அப்புறம் வண்டி நின்றாலும் அர்த்தமில்லை நிற்காவிட்டாலும் அர்த்தமில்லை. காலையில் வீட்டு வாசலில் வைத்து மறுபடி கேட்டார். "அல்லா மேல ஆணையாத் தொடலீங்ணா. இருந்தது இருந்தபடி இருக்குது." "ஓட்டிட்டு வந்தியே, பிடிக்குதா?" "இப்பப் பிடிக்குதுங்ணா. பழைய வண்டிங்க, பிரேக்குக்கு அழுத்தம் குடுக்கற பூஸ்டர் ஒரு நேரம் இருக்கற மாதிரி ஒரு நேரம் இருக்காதுங்க." அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் அவர் காலையிலிருந்து வாயில் அடக்கிய வெற்றிலை மாதிரி வைத்துக்கொண்டிருக்கிறார். ஒரு நேரம் இருக்கிற மாதிரி ஒரு நேரம் இருக்காது. இருக்காதல்லவா. சையது இப்போது அந்தப் பக்கம் டிரைவர்கள் கும்பலில் நின்று டீ குடிக்கிறான், கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்கிறான், இவரைப் பார்த்து ஒரு சிரிப்பு.

வண்டி வாங்கிய புதிதில் ஊரே வந்து பார்த்தது. அவருடைய தென்னைநார் மில் நன்றாக ஓடிய காலம், ஜெர்மன்காரன் செய்த வண்டி, கதவைச் சாத்தினால் சத்தமே வராது, ஒரு மூச்சு மட்டும் விடும். எத்தனை மாப்பிள்ளை அழைப்புக்குப் போயிருக்கிறது, சாதி சனத்தில் எவன் வீட்டுக் கல்யாணமென்றாலும் நாச்சிமுத்தண்ணன் காரைக் கேட்டுவிட்டுத்தான் முகூர்த்தமே குறிப்பார்கள். ரோஜாப்பூ ஒட்டிய பசைத் தடம் பானெட்டில் இன்னும் இருக்கிறது, வெயிலில் சாய்ந்து பார்த்தால் தெரியும். இப்போது சீட்டுத்தோல் பாம்புச் சட்டை உரிகிற மாதிரி உரிகிறது. ராத்திரி நிறுத்தினால் சஸ்பென்ஷன் காற்று இறங்கிக் காலையில் முன்பக்கம் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கும், ஸ்டார்ட் பண்ணினால் முனகிக்கொண்டு எழுந்திருக்கும், வயசானவர்கள் தரையிலிருந்து எழுந்திருப்பதை அவர் அப்படித்தான் நினைத்துக்கொள்வார், தன்னையும் சேர்த்து. போன மாசம் மருமகன் போனில் எதையோ நோண்டிப் படித்துக் காட்டினான், எந்த நாட்டிலோ இந்த மாதிரிப் பெரிய கார்களுக்கு வருஷா வருஷம் சோதனை வைத்து, எத்தனை வயசில் எத்தனை வண்டி எதில் தேறவில்லை என்று கணக்கே போட்டு வைத்திருக்கிறார்களாம். வயசு ஏற ஏறத் தேறாத வண்டிகள் ஏறிக்கொண்டே போகின்றனவாம், காசு போட்டு வாங்கிய வண்டி என்று சோதனைக்குத் தெரியாதாம். "பாத்தீங்களா மாமா, இதுக்கெல்லாம் இத்தனை வயசு ஆச்சுன்னா நம்பக் கூடாது" என்றான். மருமகன் வண்டியை விற்கச் சொல்வதற்காகச் சொன்னான். இவருக்கு அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாக இறங்கியது. உலகம் பூராவும் தோற்கிறது என்றால் இதுவும் தோற்கலாம். மகள் தினமும் பெங்களூரிலிருந்து அதே பாட்டு, அந்த வண்டியத் தலை முழுகுங்கப்பா, அம்மாவப் படுக்க வெச்ச வண்டிய எப்படி வாசல்ல வெச்சுப் பாத்துட்டு இருக்கீங்க. நியாயம்தான். ஆனால் வண்டியை விற்றுவிட்டால் அப்புறம் யாரைக் கேட்பது. அது வாசலில் நிற்கிறவரைக்கும் சந்தேகம் வண்டி மேலும் கொஞ்சம் நிற்கும். விற்றுவிட்டால் முழுசும் இவர் மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும். வரிசை நகர்ந்தது. காலை எடுத்தார், வண்டி ஊர்ந்தது. அமுக்கினார், நின்றது. இப்படி மெதுவாக ஊர்கிறபோது எந்தப் பிரேக்கும் பிடிக்கும். ஓடுகிற ஓட்டத்தில் ஓங்கி அடிக்கும்போதுதான் அதன் குட்டு வெளிப்படும் என்று சொல்லிக்கொண்டார். அன்றைக்கும் ஊர்ந்துகொண்டுதான் இருந்தது என்பது கூடவே ஞாபகம் வந்தது.

மத்தியானம். ஒரு வளைகாப்பு விருந்தை முடித்துக்கொண்டு வந்தார்கள். கேட்டைத் திறப்பது எப்போதும் சுலோச்சனாதான், முதல் கார் வாங்கின நாளிலிருந்து அது அவள் வேலை, வாட்ச்மேன் வைத்திருந்த காலத்தில்கூட அவனை உட்காரச் சொல்லிவிட்டு அவளே இறங்குவாள். கேட்டின் இரண்டு கதவையும் தள்ளிவிட்டு ஓரமாக நின்று வண்டி உள்ளே வருவதை முன்னாலிருந்து பார்ப்பதில் அவளுக்கு ஒரு இது. அவர் ஹாரன் அடிக்க மாட்டார், அவள் அவசரப்பட மாட்டாள். அன்றைக்கு ஒரு கதவு திறந்துவிட்டது, அடுத்ததின் தாழ்ப்பாள் தரைக்குழியில் மாட்டிக்கொண்டது. குனிந்து இழுத்தாள். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. விருந்தில் பாயசம் இரண்டு டம்ளர் குடித்ததற்கு வழியெல்லாம் அவள் வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தாள், சக்கரை ஏறிக் கெடக்குது, உங்களுக்கு நாக்குத்தான் பெருசா என்று. அதற்குக் கோபித்துக்கொள்ளலாமா, இல்லை சாயங்காலம் வரைக்கும் பேசாமல் இருந்து பார்க்கலாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார். அதை யோசித்தது நன்றாக ஞாபகமிருக்கிறது. வண்டி நின்றுகொண்டிருந்தது, அதுவும் ஞாபகமிருக்கிறது, அதாவது அவர் நிறுத்தியிருந்தார், நிறுத்தியதாக இருந்தார். அப்புறம் சுலோச்சனா நிமிர்ந்தாள். நிமிர்ந்தவள் பெரிதாகத் தெரிந்தாள். அவள் கை பானெட்டின் மேல் இருந்தது, முட்ட வருகிற கன்றுக்குட்டியை நெற்றியில் கைவைத்துத் தள்ளுகிற மாதிரி. அவள் கத்தவில்லை. அவள் பின்னாலிருந்த இரும்புக் கேட்டுத்தான் கத்தியது. அவர் குனிந்து காலைப் பார்த்தார். இங்கேதான் வந்து மாட்டிக்கொள்கிறது, எத்தனை தடவை வந்தாலும் இதே இடத்தில், தாழ்ப்பாள் மாதிரி. பார்த்தார் என்பது தெரியும். என்ன பார்த்தார் என்பது தெரியவில்லை. வண்டித் தரையில் விரித்த மிதியடி தெரிகிறது, பழுப்புச் செருப்பு தெரிகிறது, செருப்பின் வார் தெரிகிறது. ஒரு தடவை நினைத்தால் கால் பிரேக்கின் மேல் கெட்டியாக இருக்கிறது. இன்னொரு தடவை நினைத்தால் பிரேக்குக்கு இந்தப் பக்கம் வெறும் மிதியடியின் மேல், ஒரு வேலையும் இல்லாமல், பஸ்சுக்குக் காத்திருப்பவன் கால் மாதிரி வைத்திருக்கிறது. இரண்டும் ஒரே வெளிச்சத்தில் தெரிகிறது. எது நடந்தது எது பயந்தது என்று பிரிக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் அவர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே சுலோச்சனா சொல்லிவிட்டாள். ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு, உதடெல்லாம் வெளுத்து, எப்படி ஆச்சு என்று கேட்ட சின்ன டாக்டரிடம், "பிரேக்குப் பிடிக்கலீங்க, பழைய வண்டி" என்றாள். அவர் தலையை ஆட்டினார். அன்றிலிருந்து ஆட்டிக்கொண்டே இருக்கிறார். பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் அவளே சொன்னாள், அவர் வாய் திறப்பதற்குள் முந்திக்கொண்டு சொன்னாள், பிரேக்குங்க, பூஸ்டராமுங்க, சையது சொன்னானுங்க. தொடையில் பிளேட் வைத்து வீட்டுக்கு வந்து வாக்கர் பிடித்து நடக்கத் தொடங்கிய அன்றைக்கு, "பாத்தீங்களா, இப்ப எனக்கும் உங்க காராட்ட நாலு காலு" என்று சிரித்தாள். அவரும் சிரித்தார். சிரித்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். அழுததற்குக் காரணம் அவள் கால் மட்டுமா, அது அவருக்கே தெரியும், தன் காலை நினைத்தும்தான். ஏனென்றால் அந்த விபத்துக்கு முன்னாலேயே நடந்தது ஒன்று இருக்கிறது. கடைவீதியில் நடந்துகொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒருவன், "ஏனுங்க, செருப்பு, செருப்பு" என்று கூப்பிட்டான். திரும்பிப் பார்த்தால் அவருடைய வலதுகால் செருப்பு எட்டத்தில் தார்ரோட்டில் கிடக்கிறது. வெயிலில் தார் இளகியிருந்தது. ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் ஒன்றுமில்லாமலும் நடந்து வந்திருக்கிறார், சூடு தெரியவில்லை. வயசானால் தோல் தடிக்கும் என்று நினைத்துக்கொண்டார். அந்த மாசமே சர்க்கரை டாக்டரம்மாவிடம் போனபோது, அந்தம்மா நைலான் நூல் மாதிரி ஒன்றை எடுத்துக்கொண்டு, கண்ணை மூடிக்குங்க, பாதத்துல தொடறப்பத் தெரிஞ்சா ம் சொல்லுங்க என்றது. மூடினார். ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அந்தம்மா உட்கார்ந்திருந்த ஸ்டூல் ஒவ்வொரு தடவை குனியும்போதும் கிரீச்சென்றது. கிரீச், ம். கிரீச், ம். "பரவாயில்லையே, உங்க வயசுக்கு நல்லாவே தெரியுதே" என்றது. வீட்டுக்கு வந்து சுலோச்சனாவிடம், கால்ல ஒண்ணுமே இல்லையாம், எளந்தாரி காலுன்னு சொல்லிருச்சு என்று ஒரு வார்த்தை கூடவே போட்டுச் சொன்னார். எதற்காக ஏமாற்றினார், யாரை ஏமாற்றினார். பரீட்சை என்றால் தேற வேண்டும், அவ்வளவுதான், தேறுவது எதற்கென்று யார் யோசிக்கிறார்கள். இந்த மினி லாரிக்காரனைப் பார்த்து மனசுக்குள் சிரித்தோமே, சாயங்காலம் கழற்றுகிற டயர் என்று. அவனாவது கழற்றும்போது தன் டயர் எதுவென்று தெரிந்து கழற்றுவான். இரவல் டயர் போட்டுத் தேறின காலை வைத்துக்கொண்டு இவர் வளைகாப்புக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போனார்.

இல்லை. இன்னும் தீர்ப்பு வரவில்லை. பூஸ்டராகவும் இருக்கலாம். இருக்கும். தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடித்தார், முன்னாலிருந்த மினி லாரி புறப்பட்டுப் போய்ச் சுண்ணாம்புக் கோட்டில் பிரேக் அடித்துப் புழுதி கிளப்பி நின்று, பாஸாகி, டிரைவர் இறங்கித் தரையைத் தொட்டுக் கும்பிட்டான். அடுத்தது இவர். இன்ஸ்பெக்டர் ஒரு பெண், முப்பது முப்பத்தைந்து இருக்கும், காக்கிச் சட்டையில் புழுதி, நெற்றியில் வியர்வை, குரலில் சலிப்பு இல்லை, அதுவே ஆச்சரியம். வண்டியை ஒரு சுற்று வந்தாள், விளக்கு பார்த்தாள், டயரில் விரல் வைத்துப் பார்த்தாள், "இந்த வண்டியோட டயர்தானா?" என்று கேட்டாள், சையது பெருமையாக, "இந்த மைதானத்துலயே இது ஒண்ணுதானுங்க மேடம் சொந்த டயரு" என்றான். சிரிக்காமல் இருக்கப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "மேடம், நான் ஓட்டறனுங்க" என்று சையது கதவுக்கு வந்தான். "ஓனரே ஓட்டட்டும். தெனமும் ஓட்டறவங்க ஓட்டுனாத்தான் வண்டி எப்படின்னு தெரியும்" என்று சொல்லிவிட்டு, இடப்பக்கம் ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். "ஐயா, அந்த வேப்பமரம் வரைக்கும் போய்த் திரும்பி, நாப்பதுல வாங்க. கோட்டுல அடிங்க. பயப்படாதீங்க." பயப்படாதே என்று பேத்தி வயசுக்குக் கொஞ்சம் மூத்த ஒரு பெண் சொல்கிறது. வேப்பமரத்தைச் சுற்றி வண்டியைத் திருப்பும்போதுதான் அது தோன்றியது, அதுவரைக்கும் தோன்றவே இல்லை, அம்மன் சத்தியமாகத் தோன்றவில்லை. அமுக்குவது தன் கால். ஓங்கி அமுக்கினால்தானே நிற்கும். லேசாக வைத்தால் வண்டி கோட்டைத் தாண்டி ஓடும், இந்தப் பெண் உதட்டைப் பிதுக்கும், பிரேக் சரியில்லீங்க ஐயா என்று அந்த வார்த்தையைச் சொல்லும். வண்டி ஃபெயிலாக மாரியம்மன் வர வேண்டியதில்லை, நாச்சிமுத்து போதும். ச்சீ என்று வந்தது. பதினைந்து வருஷமாக ஒரு தடவைகூட நடுவழியில் விடாத வண்டி, மழையில் மலையில் கல்யாணத்தில் கருமாதியில் எங்கே கூப்பிட்டாலும் வந்த வண்டி, அதன் தலையில் பழியைத் தூக்கி வைப்பதா. வைத்தால் என்ன, அதற்கு வலிக்கவா போகிறது. தனக்கு வலிக்கிறதே. சுலோச்சனாவைப் பார்க்கிறபோதெல்லாம், அந்த வாக்கர் தரையில் டொக்கு டொக்கென்று வருகிறபோதெல்லாம் வலிக்கிறதே. ஒரே ஒரு வார்த்தை, முன்பின் தெரியாத ஒருத்தர் வாயிலிருந்து. அதற்கப்புறம் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் இதைச் சுமந்துகொண்டு நடந்துவிடலாம். முள் நாற்பதைத் தொட்டது. கோடு வெள்ளையாக வந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் மைதானம் வெறிச்சென்று கிடந்தது, ஆள் இல்லை, ஓடினால் ஓடட்டும். அவர் தீர்மானம் பண்ணிவிட்டார். தூங்குகிற குழந்தையின் மேல் போர்வையைப் போடுகிற மாதிரி, அவ்வளவு லேசாக, காலைப் பிரேக்கின் மேல் வைத்தார்.

வண்டி ஆணி அடித்த மாதிரி நின்றது. பெல்ட் அவர் நெஞ்சைப் பிடித்து இழுத்தது, இன்ஸ்பெக்டரின் கை டேஷ்போர்டில் போய் ஊன்றியது, முகத்திலிருந்து கூலிங் கிளாஸ் கழன்று மடியில் விழுந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது. பின்னால் எழுந்த புழுதி மெதுவாக வந்து வண்டியைத் தாண்டிப் போயிற்று. "ஐயா," என்றாள் அந்தப் பெண், மூச்சு வாங்கிக்கொண்டு, "இந்த அடி அடிக்கச் சொல்லலீங்களே." அவர் வாயிலிருந்து தானாக வந்தது: "மெதுவாத்தானுங்க வெச்சேன்." அவள் சிரித்தாள். "மெதுவா வெச்சதுக்கே இப்படியா? அப்பப் பிரேக்கு எவ்ளோ நல்லா இருக்குதுன்னு பாத்துக்குங்க. இந்த வயசு வண்டியில இப்படியொரு பிரேக் நான் பாத்ததில்லீங்க ஐயா. பாஸ்." கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள், அடுத்த வேனைக் கைகாட்டிக் கூப்பிட்டாள், அவளுக்கு வேலை கிடக்கிறது. நாச்சிமுத்து உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். மெதுவாகத்தான் வைத்தார். லேசாக என்று நினைத்து வைத்த கால், உள்ள பலத்தையெல்லாம் போட்டு மிதித்திருக்கிறது. அப்படியானால் கெட்டியாக என்று நினைத்து வைத்திருந்த அன்றைக்கு. அவர் முடிக்கவில்லை, முடிக்க வேண்டியிருக்கவில்லை. மாசக்கணக்கில் முட்டி முட்டித் திரும்பிய அந்த இடத்தில் இப்போது ஒன்றும் தடுக்கவில்லை. கால் அன்றைக்கு எங்கே இருந்தது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அழுகை வரும் என்று எதிர்பார்த்தார், வரவில்லை. பயந்துகொண்டிருந்த விஷயம் நடந்துவிட்டபிறகு பயத்துக்கு வேலையில்லை, அது எழுந்து போய்விட்டது, அது இருந்த இடம் காலியாக, வெயிலடித்துக் கிடந்தது. சையது ஓடி வந்து கண்ணாடியைத் தட்டினான், "பாஸுங்ணா! பிரேக்கத் தொடாம, ஒரு திருகு திருகாமப் பாஸுங்ணா!" அவன் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். அவனைச் சொல்லி என்ன.

போன் அடித்தது. சுலோச்சனா. எடுக்காமல் இருக்கலாமா என்று நினைத்தார், எடுத்தார். "என்னாச்சுங்க?" என்றாள். பின்னால் குக்கர் விசில் கேட்டது, அப்புறம் வாக்கரை எங்கோ சாய்த்து வைக்கிற சத்தம். "பாஸாயிருச்சு." நல்லதுங்க என்று சொல்வாள் என்று பார்த்தார். சொல்லவில்லை. "பிரேக்கெல்லாம் பாத்தாங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள். "பாத்தாங்க. நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டாங்க." குக்கர் இன்னொரு விசில் அடித்தது. பிறகு, "சையது பக்கத்துல இருக்கறானுங்களா? அவன ஓட்டச் சொல்லுங்க. நீங்க ஓட்டிட்டு வர வேண்டாம்" என்றாள். அந்தக் குரலில் திடுக்கிடல் இல்லை, கேள்வி இல்லை, கேஸை அணைங்க என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். "சுலோச்சனா," என்றார், "உனக்குத் தெரியுமா?" "நான் உங்க மூஞ்சியத்தானுங்க பாத்துட்டு இருந்தேன். வண்டி வந்துட்டே இருந்துச்சு. உங்க மூஞ்சி மட்டும் வண்டிய நிறுத்திட்ட மூஞ்சியா இருந்துச்சு. பாயசத்துக்குக் கோவிச்சுட்டு உக்காந்திருந்தீங்க." மைதானத்தில் வேன் கோட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது, சையது எதையோ சொல்லி வேன்காரனைப் பார்த்துக் கையைத் தட்டினான். "அப்பறம் எதுக்கு," என்று ஆரம்பித்து நிறுத்தி, மறுபடி ஆரம்பித்தார், "அப்பறம் எதுக்குப் பிரேக்குன்னு ஊரெல்லாம் சொன்னே?"

"வேற என்னங்க சொல்றது," என்றாள் சுலோச்சனா. "வண்டின்னா வித்துப் போடலாம். உங்கள என்னங்க பண்றது?"

அவர் போனைச் சட்டைப்பையில் போட்டார். இன்ஜினை அணைத்துச் சாவியை எடுத்தார். கதவைத் திறந்து இறங்கி, சையதைக் கூப்பிட்டு, அவன் உள்ளங்கையில் சாவியை வைத்தார்.

"நீ ஓட்டு" என்றார்.